கணினி கேள்வி-பதில்: மூலநிரல் கையில் இருந்தும் ஏன் ஓடவில்லை?

கேள்வி: பல இடங்களிலுள்ள கணினிகளை ஒன்றிணைத்து வேலை வாங்கும் கிரிட் கணினியமைப்பின் மிடில்வேர் (அவற்றை இணைக்கும் இடைநிலை மென்பொருள்) பெரும்பாலும் திறந்த மூலநிரலாகவே கிடைக்கிறது. அப்படியிருக்க, அதை வேறோர் இயங்குதளத்தில் கம்பைல் செய்து (கணினி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றி) ஓட்டுவதற்கு ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?
– ஒரு முதுகலை மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கம்பைல் ஆகிவிட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஐரோப்பாவில் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தைச் சுற்றி வளர்ந்த ஜிலைட் மிடில்வேரை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்னோடியான டேட்டாகிரிட் திட்டம் (2001–2004) ரெட் ஹாட் 7.3 என்ற லினக்ஸ் பதிப்பை நம்பியிருந்தது, ஜிலைட் தொடக்கத்தில் சயன்டிஃபிக் லினக்ஸ் 3-ஐ நம்பியிருந்தது. ஒரே இயங்குதளத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நிரலில், அந்த இயங்குதளத்தின் பழக்கங்களெல்லாம் எழுதியவருக்கே தெரியாமல் ஊறிப்போய்விடுகின்றன. 64 பிட் லினக்ஸில் 'லாங்' என்ற எண்வகை 8 பைட் எடுத்துக்கொள்கிறது; 64 பிட் விண்டோஸிலோ அது 4 பைட்தான். 2006-இல் வெளிவந்த உபுண்டு 6.10 என்ற லினக்ஸ், 'எஸ்எச்' என்ற கட்டளைக்குப் பின்னால் பாஷுக்குப் பதிலாக டாஷை (இரண்டுமே கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல் நிரல்கள்) வைத்தபோது, முதல் வரியில் 'எஸ்எச்' என்று எழுதிவிட்டு உள்ளே பாஷுக்கு மட்டுமே உரிய இலக்கணத்தைப் பயன்படுத்தியிருந்த ஸ்கிரிப்டுகள் திடீரென்று முறிந்தன. கிரிட்டில் ஒவ்வொரு வேலையும் இத்தகைய ஸ்கிரிப்ட் ஒன்றைப் போர்த்திக்கொண்டுதான் தொலைவிலுள்ள கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே முழு மிடில்வேரையும் ஒரே மூச்சில் பெயர்க்க முயல்வது, என் கருத்தில், வீண் உழைப்பு. டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரிக் குழுவினர் ஐரிக்ஸ், ஏஐஎக்ஸ், மேக் முதலிய இயங்குதளங்களுக்குக் கிரிட் மிடில்வேரைக் கொண்டுசென்றபோது, வேலையைச் செய்துமுடிக்கும் கணினியில், அதாவது ஒர்க்கர் நோடில், இருக்க வேண்டிய பகுதியையே முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள். சர்வர்கள் சிலவே; அவற்றில் மிடில்வேருக்கு வேண்டிய லினக்ஸையே போட்டுவிடலாம். ஒர்க்கர் நோடுகளோ ஆயிரக்கணக்கானவை; பல ஆய்வகங்களுக்குச் சொந்தமானவை; அவற்றின் இயங்குதளத்தை மாற்றச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய லினக்ஸில் கம்பைல் செய்த நிரலைப் பழைய லினக்ஸுக்குக் கொண்டுபோனால், தேவையான ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு இல்லை என்று மறுத்துவிடும். பழையதில் கம்பைல் செய்தது புதியதில் பெரும்பாலும் ஓடிவிடும். எனவே நீங்கள் ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய பதிப்பிலேயே கம்பைல் செய்யுங்கள். அதையும் நாள்தோறும் இயந்திரமே செய்யட்டும். பல இயங்குதளங்களில் தானாகவே கம்பைல் செய்து சோதிப்பதற்கென்றே 2006-இல் ஈடிக்ஸ் என்ற ஐரோப்பியத் திட்டம் தொடங்கப்பட்டது.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் இயங்குதளத்தைப் புதுப்பித்தோம். பயனர்களுக்கு அடையாளச் சான்றிதழ் வழங்கும் ஆணையத்தின் கோப்புகளைப் பழைய கணினியிலிருந்து அப்படியே எடுத்து வைத்தோம். இருந்தும், வழங்கியவரைத் தெரியவில்லை என்று மிடில்வேர் எல்லோரையும் திருப்பி அனுப்புகிறது. கோப்பு கெட்டுப்போயிருக்குமா?
– ஓர் ஆய்வக உதவியாளர், திருச்சி

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கும், அதன் பெயர்தான் பொருந்தவில்லை. கிரிட் மிடில்வேர் ஆணையத்தின் சான்றிதழை எட்டு எழுத்துள்ள ஒரு பெயரையும் அதைத் தொடரும் '.0' என்ற ஒட்டையும் வைத்தே தேடுகிறது. அந்த எட்டு எழுத்துகள், சான்றிதழில் உள்ள ஆணையத்தின் பெயரிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி கணக்கிடும் சுருக்கம் (ஹாஷ்). 2010-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.0.0 அந்தக் கணக்கை எம்டி5 முறையிலிருந்து எஸ்எச்ஏ-1 முறைக்கு மாற்றிவிட்டது. அதே சான்றிதழை இப்போது வேறு பெயர் சொல்லித் தேடுவதால், கண்ணெதிரே இருந்தும் அது அகப்படுவதில்லை. ஒரே கோப்புக்குப் பழைய சுருக்கத்தில் ஒன்றும் புதிய சுருக்கத்தில் ஒன்றுமாக இரண்டு சிம்பாலிக் லிங்க் (அதே கோப்பைச் சுட்டும் மாற்றுப்பெயர்) போட்டுவிடுங்கள். இரண்டு தலைமுறைக் கணினிகளும் ஒரே அடைவைப் பகிர்ந்துகொள்ளலாம். ரத்தான சான்றிதழ்களின் பட்டியல் கோப்புகளுக்கும் இதையே செய்ய மறந்துவிடாதீர்கள். அவற்றின் பெயரும் இதே சுருக்கத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி: ஒரே நிரல், ஒரே தரவு, விண்டோஸில் ஒரு விடையும் லினக்ஸில் வேறொரு விடையும் வருகின்றன. எதை நம்புவது?
– ஒரு கல்லூரி ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: இரண்டுமே அதனதன் அளவில் சரியாக இருக்கலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடையைக் கடைசி பிட் வரை எப்படி முழுமைப்படுத்த (ரவுண்டிங் செய்ய) வேண்டும் என்று மிதவைப்புள்ளி எண்களுக்கான ஐஈஈஈ 754 தரம் வரையறுத்திருக்கிறது. சைன், மடக்கை, அடுக்கேற்றம் போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; ஆகவே ஒவ்வொரு இயங்குதளத்தின் கணித லைப்ரரியும் கடைசி பிட்டில் வேறுபடக்கூடும்.

செர்னின் எல்எச்சி துகள் முடுக்கிக்காக 2004-இல் தொடங்கிய எல்எச்சி அட் ஹோம் திட்டத்துக்கு இதுவே பெருந்தலைவலியாயிற்று. துகள்கள் முடுக்கியைச் சுற்றி லட்சம் சுற்றும் அதற்கு மேலும் போவதைக் கணக்கிடும் சிக்ஸ்டிராக் என்ற நிரல், தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் ஓடியது. ஒரே வேலையை இரு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். முதல் சுற்றில் கடைசி பிட்டில் எழுந்த வேறுபாடு, நிலையற்ற பாதையில் செல்லும் துகளுக்குச் சுற்றுக்குச் சுற்று பெருகி, ஒரு கணினியில் அது பிழைத்திருப்பதாகவும் மற்றதில் சுவரில் மோதிவிட்டதாகவும் காட்டிவிடும். பிரான்சின் லியோன் நகரில் உருவான சிஆர்லிப்எம் என்ற லைப்ரரி, இத்தகைய சார்புகளையும் சரியாக முழுமைப்படுத்தித் தருவது; அதைச் சேர்த்துத்தான் அவர்கள் இதைச் சமாளித்தார்கள். உங்கள் கணக்கு இந்த அளவுக்கு நுணுக்கமானதாக இல்லாவிட்டால், இரண்டு விடைகளும் எத்தனையாவது இலக்கத்தில் பிரிகின்றன என்று பார்த்தாலே போதும்.

கேள்வி: கன்டெய்னர் வந்துவிட்ட பிறகும் இந்தப் பாடெல்லாம் தேவையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நிரலையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் ஒரே பெட்டியில் கட்டித் தருவதுதான் கன்டெய்னர். அதனால் லினக்ஸ் வகைகளுக்கு இடையே உள்ள தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது, ஜிலிப்சியும் பாஷும் பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஆனால் கன்டெய்னர், தன்னைத் தாங்கும் கணினியின் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதியையே) பயன்படுத்துகிறது. இன்டெல் செயலிக்குக் கட்டிய பெட்டியை ஆர்ம் செயலியில் ஓட்ட வேண்டுமானால், மூலநிரலை மீண்டும் கம்பைல் செய்துதான் ஆக வேண்டும்; சிலர் எமுலேட்டரில் (வேறொரு செயலியைப் போல நடிக்கும் மென்பொருளில்) ஓட்டுகிறார்கள், ஆனால் இரவு பகலாகக் கணக்குப் போடும் இடத்தில் அந்த வேகம் கட்டுப்படியாகாது.