மடியில் வந்த உருளி

கேள்வி: புது ஃபிளாட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஹாலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட ஓர் உருளி வாங்க ஆசை. பித்தளையா, வெண்கலமா, பீங்கானா? அத்தையிடம் பழைய வெண்கல உருளி ஒன்று உண்டு. நாகர்கோவில் பக்கத்தில் இருந்த தன் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்தபோது, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கறுத்துப்போய், பெயரெல்லாம் வெட்டியிருப்பதால் பரணில் கிடக்கிறது. அதை எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகி, கோவை.

பதில்: கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். விரலை மடக்கித் தட்டினால் வெண்கலம் மணி போல இழுத்து ஒலிக்கும். கடையில் தகதகவென்று இருக்கும் அலங்காரப் பித்தளைக்குப் பெரும்பாலும் மேல்பூச்சு உண்டு; புளி போட்டுத் தேய்த்தால் திட்டுத்திட்டாகப் போய்விடும். பீங்கான் உங்கள் இஷ்டம்.

இனி அந்த பஸ்ஸுக்கு வருவோம். நாகர்கோவிலிலிருந்து கோவைக்கு ராத்திரி முழுக்கப் பயணம். சீட்டுக்கு அடியில் இடம் இல்லாமலா போயிற்று? வீட்டை விற்றவர் அண்டா, ஆட்டுக்கல், கட்டில் என்று எத்தனையோ அங்கேயே விட்டிருப்பார். இதை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை. நீங்கள் பரணில் ஏற்றினீர்கள். ஏற்றும்போது அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். சொந்த வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்கு வந்தவர் எதைச் சொல்வார்? (விற்ற பணத்தில் எவ்வளவு இந்த ஃபிளாட்டுக்குள் போயிருக்கிறது என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

பெயர் வெட்டியிருக்கிறது என்கிறீர்களே, யார் பெயர்? படித்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படித்தானே? உங்கள் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் உங்கள் அப்பா புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்திருந்தால், அதை இன்னொருத்தி எடைக்குப் போட விடுவீர்களா? அது அவருடைய பொருள். விற்க உங்களுக்கும் உரிமை இல்லை, உங்கள் கணவருக்கும் இல்லை. அம்மா மடியில் சுமந்ததைப் பரணுக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவராகத்தான் இருக்கும். அவரையே ஏணி போட்டு இறக்கச் சொல்லுங்கள். பத்திரம், வெண்கலம் கீழே விழுந்தால் விரிசல் விடும்.

புளியும் உப்பும் வைத்து நீங்களே தேயுங்கள். அத்தை தலையில் கட்டாதீர்கள். பெயர் தெளிவாகத் தெரிந்ததும் யாருடையது, எப்போது வந்தது என்று அவரிடம் கேளுங்கள். பூ வைக்கலாமா என்றும் கேளுங்கள். சம்மதித்தால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். உருளி சமைக்கிற பாத்திரம். அவர் ஊரில் அதில் பிரதமன் என்கிற பாயசம் கிளறுவார்கள். பூவெல்லாம் வேண்டாம், அடுப்பில் ஏற்று என்று அவர் சொன்னால், உங்கள் ஹால் மூலை காலியாகவே இருக்கட்டும்.