பத்து மணி காபியும் 9.4 ஹீமோகுளோபினும்

கேள்வி: எனக்கு 46 வயது. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. வீட்டில் கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள், சர்க்கரையும் தைராய்டும் உள்ள மாமியார். சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் என மூன்று பொறுப்பு. சபைப் பத்திரிகைக்கு மாதாமாதம் எழுதுகிறேன்; இப்போது சபை வரலாற்றையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் படுத்த பிறகு பத்து மணிக்கு ஒரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை எழுதுவேன். காலை 4.45க்கு எழுந்துவிட வேண்டும். காபி மட்டும் யார் கையிலும் விடமாட்டேன்: அராபிகாவில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு ரகக் கொட்டையும் பாதிக்குப் பாதி, சிக்கரி 20 சதவீதம், மாமியார் காலத்து ஃபில்டர். காலை ஐந்து மணிக்கு, டிபனோடு, பள்ளியில் ஃப்ளாஸ்கிலிருந்து பதினொரு மணிக்கு, மாலை 4.30க்கு, இரவு பத்து மணிக்கு என்று ஐந்து டம்ளர். சில மாதமாகப் படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, எரிச்சல் வேறு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பதினொரு மணிக்கெல்லாம் தலை பிளக்கிறது. பி.பி. 138/88. ஈ.சி.ஜி., தைராய்டு இரண்டும் நார்மல். ஹீமோகுளோபின் 9.4. மூன்று மாதமாக டிபனுக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன், ஏறவேயில்லை. மாதவிடாய் அதிகமாகப் போகிறது. இந்த வயதில் அப்படித்தான் என்கிறார்கள். காபியை அடியோடு விட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் கணவர். விட வேண்டுமா, டாக்டர்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, விட வேண்டாம். ஐந்தில் இரண்டை மட்டும் விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது காபி இல்லை, 9.4 என்ற எண். அதை நீங்கள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 9.4 என்றால் நடுத்தர நிலை. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க ஆள் குறைந்தால் இருதயம் வேகமாக அடித்துத்தான் ஈடுகட்டும். படபடப்பும் மாடிப்படி மூச்சிரைப்பும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. காபியை நாளைக்கே நிறுத்தினாலும் இந்த இரண்டும் முழுசாகப் போகாது. அப்போது உங்கள் கணவர், “இன்னும் எங்கேயோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள்” என்று நினைப்பார்!

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை? நீங்களே எழுதிவிட்டீர்கள்: டிபன், காபி, மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில். காபியில் உள்ள பாலிஃபீனால் என்ற பொருள்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, உங்களுக்கு அதுதான் முக்கியம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி எந்தக் குறைவும் செய்யவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபி, சாப்பாட்டோடு குடித்தது போலவே கெடுத்தது. நம் ஊரில் எல்லோரும் செய்வது இதற்கு நேர் தலைகீழ்: டிபனை முடித்துவிட்டுத்தான் காபி.

அதனால் காலை முதல் காபி அப்படியே இருக்கட்டும். டிபனோடு குடிப்பதை 6.30க்கு முன்தள்ளுங்கள், டிபன் 7.45க்கு என்றால் இடைவெளி போதும். பள்ளிக்கு ஃப்ளாஸ்க் வேண்டாம். பதினொரு மணி இடைவேளையில் காபிக்குப் பதில் இரும்பு மாத்திரை, கூடவே ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு பெரிய நெல்லிக்காய். வைட்டமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோக உதவும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுப் போடலாம். தினமும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

மாத்திரை உள்ளே போனாலும் ரத்தம் வெளியே போய்க்கொண்டிருந்தால் பயனில்லை. “இந்த வயதில் அப்படித்தான்” என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அதை ஏற்காதீர்கள். 45 வயதுக்கு மேல் அதிகமாகப் போனால் பெண் மருத்துவரிடம் காட்டிக் கர்ப்பப்பை ஸ்கேன் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கட்டியோ சுவர்த் தடிப்போ இருந்தால் அதற்கு மருத்துவம் உண்டு. கிறிஸ்துமஸ் முடியட்டும், கேரல் ரவுண்ட்ஸ் முடியட்டும், அசன விருந்து முடியட்டும் என்று தள்ளிப்போடுவீர்கள் என்று தெரியும். தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது காபிக்கு வருகிறேன். டம்ளருக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் சிக்கரி போக 8 கிராம் காபி. சிக்கரியில் காஃபீன் கிடையாது. அராபிகாவில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பீபெரி என்றால் வீரியம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒரே கொட்டை இருப்பதுதான் பீபெரி. கணக்குப்படி 8 கிராமில் 96 மில்லிகிராம் காஃபீன், அதில் கொஞ்சம் சக்கையிலேயே தங்கிவிடும். டம்ளருக்கு 80 என்று கொண்டால் ஐந்துக்கு 400. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. நீங்கள் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். ஆக, அளவைவிட நேரம்தான் உங்களைப் படுத்துகிறது.

நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காஃபீன் செய்வது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வேலை. துண்டு கிடக்கும்வரை அடினோசின் நின்றுகொண்டே வருகிறது. களைப்பு தீர்ந்துவிடவில்லை, உட்கார இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதியைக் கல்லீரல் வெளியேற்றச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஏழு. பத்து மணிக்குக் குடித்ததில் பாதி அதிகாலை மூன்று மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது. அதனால்தான் பன்னிரண்டரைக்குப் படுத்தாலும் அது தூக்கமாக இருப்பதில்லை. படுக்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. நெஞ்செரிச்சலுக்கும் இந்தப் பத்து மணி டம்ளர்மேல்தான் எனக்குச் சந்தேகம். காபி இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தும். கொஞ்ச நேரத்தில் படுத்தால் அமிலம் மேலே ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்.

இரவு காபியை இரண்டாம் டிகாஷனில் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அதில் காஃபீன் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. சுவைக்கோ ஒன்றும் இருக்காது. அதற்குப் பதில் சுக்கு மல்லிக் காபி போடுங்கள். சில வீடுகளில் அதிலும் ஒரு சிட்டிகை காபித்தூள் தூவுவார்கள், அது வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டி என்றாலும் அதுவும் இனிப்புதான், அளவோடு. கமிட்டி கூட்டத்தில் ஏழு மணிக்கு வடையோடு வரும் டீயும் கணக்கில் சேரும். அதை நீங்கள் எழுதவேயில்லை.

மாலை 4.30 காபி இருக்கட்டும், சிறிய டம்ளரில். நீங்களே தூள் கலப்பவர் என்பது இங்கே பெரிய வசதி. கடையில் அந்த ஒரு வேளைக்கு மட்டும் கால் கிலோ தனியாக, காபி 60க்கு சிக்கரி 40 என்று அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஆகவே 60 என்பது ஒன்றும் அவமானமில்லை. சிக்கரி கூடினால் டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் இறங்கும், நாக்கு அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்காது. சிக்கரிக் கலவைக்குத் தண்ணீர் இறங்க நேரமும் கூடும். ஃபில்டர் குடையை அழுத்தாமல் லேசாக வைத்தால் போதும்.

சர்க்கரையையும் கேட்டுவிடுகிறேன். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்துக்கு 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் என்று இறங்குங்கள்.

வெள்ளிக்கிழமைத் தலைவலி காஃபீன் கிடைக்காததால் வருவது. கடைசி டம்ளர் முடிந்து 12 மணி நேரம் தாண்டினால் தலை இடிக்க ஆரம்பிக்கும்; வியாழன் இரவு பத்து மணிக்குக் குடித்தவருக்கு வெள்ளி காலை பதினொரு மணி மிகப் பொருத்தமான நேரம்! பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் பாதிப் பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பக்தி என்று சொல்ல முடியாது. மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1746இல், 26 வருடப் பழக்கமான டீயை ஒரேயடியாக விட்டார். முதல் மூன்று நாளும் நாள் முழுக்கத் தலைவலி, அரைத்தூக்கம். மூன்றாம் நாள் மதியம் ஞாபகசக்தியே போய்விட்டது போலிருந்தது என்று குறித்து வைத்திருக்கிறார். அன்று மாலை ஜெபித்தார், நான்காம் நாள் காலையில் தலைவலி போய்விட்டது. ஜெபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தலைவலி வழக்கமாக இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும், சிலருக்கு ஒன்பது நாள்வரைகூட இழுக்கும். நீங்கள் வெஸ்லி மாதிரி செய்ய வேண்டாம். முதல் வாரம் இரவு டம்ளரை மட்டும் நிறுத்துங்கள், அடுத்த வாரம் ஃப்ளாஸ்க். ஹீமோகுளோபின் 11 தாண்டும்வரை உபவாசம் மதியத்தோடு முடியட்டும், தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

பி.பி. 138/88 எப்போது எடுத்தது என்று தெரியவில்லை. காபி குடித்த கையோடு எடுத்தால் சில புள்ளிகள் கூடத்தான் காட்டும். ஒரு வாரம் காலையில், முதல் காபிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து எடுத்து எழுதுங்கள். சராசரி 135/85க்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வாரக் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

சரி, காபி பிரச்சினை தீர்ந்தது. காபி எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பது இனிதான். பன்னிரண்டரை முதல் 4.45 வரை என்றால் நாலேகால் மணி நேரம். குறைந்தது ஏழு வேண்டும். இந்த இரண்டே முக்கால் மணி நேரத்தை எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது. உங்கள் நாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து எடுக்கச் சொல்ல முடியாது. பள்ளி சம்பளம் தருகிறது. எழுத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை: கடிதத்தில் மற்றதையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டு எழுதுவதை மட்டும் ரசித்துச் சொல்லியிருக்கிறீர்கள். மிஞ்சுவது சபைப் பொறுப்புகள். பாடகர் குழுவை வைத்துக்கொள்ளுங்கள், பாடுவது நல்லது. மற்ற இரண்டில் ஒன்றை இந்த ஆண்டே இன்னொருவரிடம் கொடுங்கள். போதகரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் மருத்துவர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன யோசனையும் இதுவேதான் என்பது போதகருக்குத் தெரியாததல்ல.

அந்தப் பொறுப்பு போனால் சனிக்கிழமை மாலை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சபை வரலாற்றை அப்போது எழுதுங்கள். பத்திரிகைக் கட்டுரைக்கு வாரத்தில் இரண்டு நாள், காலை ஐந்து மணிக் காபியோடு ஒரு மணி நேரம். அந்த இரண்டு நாளும் சமையலை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்; காபியை விடச் சொல்லும் அக்கறை உள்ளவர் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றமாட்டாரா என்ன? ஆனால் இதற்கெல்லாம் இரவு ஒன்பதேமுக்காலுக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும், பேரமில்லை.

வீட்டில் மற்ற இருவருக்கும் ஒரு வார்த்தை. மாமியார் தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறாரா என்று பாருங்கள். வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இல்லையென்றால் மருந்து சரியாகச் சேராது. மகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீன்தான் வரம்பு, 50 கிலோ என்றால் 150. உங்கள் டம்ளரில் இரண்டுகூட முழுசாகத் தேறாது. பரீட்சைக்கு இரவில் விழிக்கக் காபி கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினைத் திரும்பப் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருந்தால் மாத்திரை உள்ளே போகிறது என்று அர்த்தம்; 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் விடாமல் போட வேண்டும், அப்போதுதான் உடம்பின் இரும்புக் கையிருப்பு நிரம்பும். ஏறவில்லையென்றால் அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டின் அளவும், மலத்தில் ரத்தம் போகிறதா என்ற சோதனையும் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் அறிக்கையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.