ஸ்பிரே கேனைக் கொண்டு வீட்டிலேயே கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

வெள்ளைக் காரின் பின்பக்க பம்பரில் விழுந்த கீறலை ஸ்பிரே கேன் வாங்கி வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், என் காரின் பம்பருக்கு நான் அப்படித்தான் அடித்தேன். இதே கேள்வியைச் சில்வர் நிறக் கதவுக்குக் கேட்டிருந்தால், பட்டறைக்கே அனுப்பியிருப்பேன். மெட்டாலிக் பெயிண்டிலுள்ள அலுமினியத் துகள்கள், பெயிண்ட் எவ்வளவு ஈரமாக விழுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு விதமாகப் படிவதால், நிறத்தின் குறியீட்டு எண் (கலர் கோட்) சரியாக இருந்தாலும் அந்தக் கதவு மட்டும் தனியாகத் தெரியும். உங்களுடையது முத்து வெள்ளையாக இருந்தால் அதற்கும் இதே சிக்கல் உண்டு.

வேலையில் பெரும்பகுதி உப்புத்தாளோடுதான். சோப்புத் தண்ணீரால் கழுவி, மெழுகுப் பசை போகத் துடைத்த பிறகு, 320 எண் உப்புத்தாளால் கீறலின் விளிம்பைக் கரைத்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 600 எண் வாட்டர் பேப்பரால் சுற்றிலும் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவும்போது விளிம்பு நெருடினால், பெயிண்ட் அதை மறைக்காது, எடுத்துக்காட்டும். பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடத்தில் பிளாஸ்டிக்குக்கான பிரைமரை, அதாவது பெயிண்ட் ஒட்டிக்கொள்வதற்கான அடிப்பூச்சை, முதலில் அடிக்காவிட்டால், பின்னாளில் பெயிண்ட் தோலாக உரிந்து வரும்.

கேனுக்குள் பெயிண்டைக் கலக்கும் சிறு குண்டு உருளத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடித்து, பம்பருக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி அடியுங்கள். முதல் பூச்சில் பிரைமர் தெரியத்தான் செய்யும். ஒரே பூச்சில் மூடிவிட நினைப்பவருக்கு வழிசல் நிச்சயம். தொடர்ந்து அடித்தால் கேன் குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, துளித்துளியாகத் துப்பும். அப்போது வெதுவெதுப்பான நீரில் சற்று வையுங்கள், நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். மழைக்கால ஈரக்காற்றில், நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் பால்போல் வெளுத்துவிடும் என்பதால் உலர்ந்த நாளுக்குக் காத்திருப்பது நல்லது.

கிளியரில் 1கே, 2கே என இரு வகை உண்டு. 1கே-யில் ஹார்டனர், அதாவது பூச்சை இறுக வைக்கும் ரசாயனம், கிடையாது; அது கலந்த 2கே பெட்ரோல் பட்டாலும் தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணத் துணி முகமூடி அதற்குப் போதாது. வீட்டுக்கு, அதுவும் பம்பருக்கு, 1கே போதுமென்பது என் கருத்து. அது சில நாள் நன்றாக இறுகிய பின், 2000 வாட்டர் பேப்பராலும் தேய்த்து மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டாலும் மெருகேற்றலாம். மடிப்பு முனைகளை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே கிளியர் மெல்லியதாக இருப்பதால் நாலு தேய்ப்பில் பிரைமர் எட்டிப்பார்த்துவிடும்.