பயிற்சியாளரை நீக்கினால் அணி தேறுமா?

கேள்வி: தொடர்ந்து தோற்கும் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரைப் பருவத்தின் நடுவிலேயே நீக்குவது சரியா?

பதில்: பெரும்பாலும் சரியன்று என்பதே என் கருத்து. 2024 அக்டோபரில், இருபது அணிகள் ஆடும் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் ஒன்பது ஆட்டங்களுக்குப் பின் 14-ஆம் இடத்தில் இருந்த மான்செஸ்டர் யுனைடெட், ஐந்து மாதங்களுக்கு முன்புதான் எஃப்.ஏ. கோப்பையை (லீக்கிலிருந்து தனியான, தோற்றால் வெளியேறும் போட்டி) வென்று தந்திருந்த பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கை நீக்கியது. அடுத்து வந்த ரூபன் அமோரிம், வேறொருவரின் ஆட்டமுறைக்காகச் சேர்க்கப்பட்ட வீரர்களைக் கொண்டு நடுவழியில் தொடங்க வேண்டியிருந்தது, அணியும் 15-ஆம் இடத்தில்தான் முடித்தது. அதே கழகம், 1986-இல் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஃபெர்குசனின் முதல் கோப்பைக்காக 1990 வரையிலும், லீக் பட்டத்துக்காக 1993 வரையிலும் காத்திருந்தது. வீரர்களே நம்பிக்கை இழந்துவிட்டால் மட்டும் மாற்றம் தவிர்க்க இயலாதது. 2017 பிப்ரவரியில் கிளாடியோ ரானியேரியை நீக்கிய லெஸ்டர் சிட்டி அணி, அடுத்த நிலை லீக்குக்குத் தரமிறங்காமல் தப்பியது. ஆயினும், முந்தைய ஆண்டு லீக் பட்டம் வென்று தந்தவரை அனுப்பிய விதம் இன்றும் என் மனத்தை வருத்துகிறது.