தாளிக்காத சாறும் பொரித்த மீனும்: தினெங்தெங் பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் நான் போட்ட ஒரு படத்தால் வந்த வினை இது. மண்சட்டியில் கலங்கலான சாறு, உள்ளே பூசணியும் காராமணியும் முருங்கைக்கீரையும், மேலே வாலும் தலையுமாக ஒரு பொரித்த மீன். "நல்லாப் பொரிச்ச மீனை எதுக்குத் தண்ணியில போட்டீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். பிலிப்பைன்ஸின் லா யூனியன் மாகாணத்தில் ஒன்பது வருடம் குடியிருந்தேன். சமைக்கக் கற்றது பக்கத்து வீட்டு மனாங்கிடம். இலோகானோ மொழியில் மனாங் என்றால் அக்கா. தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.

திருச்சி வாசகி: அக்கா, இது சூப்பா, குழம்பா? இதற்குப் பெயர் என்ன?

பெயர் தினெங்தெங். இனாப்ராவ் என்றும் சொல்வார்கள். சில வீடுகளில் இரண்டும் ஒன்றுதான், சில வீடுகளில் சாறு அதிகம் இருந்தால் ஒரு பெயர், குறைந்தால் இன்னொரு பெயர். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. லூசோன் தீவின் வடமேற்குக் கரையில் உள்ள இலோகோஸ் பகுதியின் அன்றாடச் சாப்பாடு இது. லா யூனியனில் உள்ள ஆகோ ஊரில் இதன் பெயரிலேயே திருவிழா நடக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூப் என்றதும் கிண்ணத்தில் ஊற்றி முதலில் குடிப்பது என்று நினைக்க வேண்டாம். சோற்றின் மேல் ஊற்றிப் பிசைந்து, மீனைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிடுவது. அந்த வகையில் நம் குழம்புக்குத்தான் சொந்தம். இதே காய்களைத் தண்ணீர் வற்ற விட்டுச் சுருள வேகவைத்தால் அது பினக்பெட். 'சுருங்கியது' என்ற பொருளில் வந்த பெயர்.

மதுரை வாசகர்: அளவோடு செய்முறை சொல்லுங்கள். நாலு பேருக்கு.

ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி நறுக்கிப் போடலாம். மனாங் வீட்டில் தக்காளி இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. எண்ணெயில் எதையும் வதக்கக் கூடாது. எல்லாம் நேரே தண்ணீருக்குள்.

அடுத்தது புக்குவோங். மற்றவர்கள் பாகோங் என்பார்கள். நெத்திலி போன்ற சிறு மீனை உப்போடு கலந்து மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுக்கும் பழுப்பு நிறக் கூழ். இதில் இரண்டு மேசைக்கரண்டி. அப்படியே கொட்டக் கூடாது. சிறு வடிகட்டியைச் சட்டிக்கு மேல் பிடித்து, அதில் புக்குவோங்கை விட்டு, கொதிக்கும் தண்ணீரிலேயே ஒரு கரண்டி எடுத்து மேலே ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். சாரம் கீழே இறங்கும், முள்ளும் செதிலும் வடிகட்டியில் தங்கும். இந்த இடத்தில் ஒரு வாடை கிளம்பும். கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி. பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடம் கொதித்தால் அடங்கிவிடும். மேலே வரும் நுரையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனிமேல் காய். இங்கேதான் கணக்கு. வேக நேரமாகும் காய் முதலில், கீரை கடைசியில். முருங்கைக்காய் இருந்தால் அதுதான் முதல் ஆள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் கேட்கும். பிறகு கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சள் பூசணி, தோலோடு பெரிய துண்டாக. அது பாதி வெந்ததும் விரல் நீளத்துக்கு ஒடித்த காராமணி ஏழெட்டு, நீளக் கத்தரிக்காய் இரண்டு. இரண்டு மூன்று நிமிடம் கழித்து முழு வெண்டைக்காய் ஆறு, காம்பை மட்டும் நறுக்கி. பாதிப் பாகற்காய். பொரித்த மீனை இப்போது மேலே கிடத்தி, மூடி போட்டு மூன்று நிமிடம். கடைசியாக இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, கிடைத்தால் நாலு பூசணிப்பூ. கீரையைச் சாற்றுக்குள் அமுக்கிவிட்டு ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

உப்பு பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? புக்குவோங்கிலேயே இருக்கிறது. கடைசியில் ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துபாய் வாசகர்: சத்வாவில் பிலிப்பினோ கடைக்குப் போனேன். பாகோங் என்று இரண்டு மூன்று விதம் இருக்கிறது. எதை வாங்குவது?

இளஞ்சிவப்பாக இருப்பது அலமாங், அதாவது கூனி இறால். மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள அருமை, இதற்கு வேண்டாம். பழுப்பாக, கலங்கலாக, பார்க்க அழகே இல்லாமல் ஒரு பாட்டில் இருக்கும். அதுதான் மீன் பாகோங். இலோகோஸ் பகுதியில் பங்காசினான் மாகாணத்து லிங்காயென் ஊர் இதற்குப் பேர்போனது.

அப்படியே இன்னொன்று. இந்தச் சாற்றில் இலோகானோக்காரர்கள் ஆசையாகப் போடுவது சலுயோட் என்ற சணல் கீரை. வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. அரபுக் கடைகளில் முலூக்கியா என்று விற்பது அதே கீரைதான். உங்களுக்கு அங்கே சுலபமாகக் கிடைக்கும், எங்களுக்கு இங்கே குதிரைக்கொம்பு.

சென்னை வாசகி: பாகோங் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? கருவாடு போடலாமா அக்கா?

போடலாம். நானே ஊருக்குத் திரும்பியபின் அப்படித்தான் செய்கிறேன். ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீர்தான் சாறு. உப்பு பார்த்துச் சேருங்கள். ஊறிப் புளித்த அந்த ஆழம் வராது, ஆனால் திசை சரியாக இருக்கும். மீன் சாஸ் பாட்டில் கிடைத்தால் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். பாகோங் ஊறும்போது தெளிந்து நிற்கும் நீரைத்தான் அங்கே பதிஸ் என்று எடுக்கிறார்கள். அதனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தூத்துக்குடி வாசகர்: கடைசியில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை போட்டு ஒரு சின்னத் தாளிப்பு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சள் தூள் போடலாமா என்று நாலு பேர், புளி கரைத்து ஊற்றலாமா என்று மூன்று பேர். உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதல் முறை செய்தபோது நான் மூன்றையும் போட்டேன். பெருமையோடு ஒரு கிண்ணம் மனாங்குக்குக் கொண்டுபோனேன். ஒரு கரண்டி குடித்தார், தலையாட்டினார். "நன்றாக இருக்கிறது. தினெங்தெங் எப்போது செய்வாய்?" என்றார்.

இதில் ருசி வருவது மூன்று இடத்திலிருந்து: புக்குவோங்கின் உப்பும் ஊறலும், காய்கள் விடும் இனிப்பு, பொரித்த மீனின் கருகல் மணம். மூன்றும் மெல்லிய குரல்காரர்கள். தாளிப்பு நம்முடைய நாதஸ்வரம். அது வந்தபின் மற்றது காதில் விழாது. ஒரே ஒரு முறை, ஒன்றும் போடாமல் செய்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுநாள் மீன் குழம்பு வையுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள். காரம் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்பவர்கள் பச்சை மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடலாம். அதுவரைக்கும்தான் நான் இறங்கி வருவேன்.

ராமநாதபுரம் வாசகர்: எந்த மீன்? பொரித்துத்தான் போட வேண்டுமா? எனக்கு மீன் எப்போதும் சட்டியில் ஒட்டிக்கொள்கிறது.

அங்கே அதிகம் போடுவது கலுங்கோங் (நம் பாறை மீன் குடும்பத்துச் சிறு மீன்), திலாப்பியா, பங்குஸ். பங்குஸ் நம்முடைய பால்கெண்டைதான். பங்காசினானில் உள்ள தகுபான் நகரம் அதற்கென்றே புகழ்பெற்றது. நம்மூரில் கானாங்கெளுத்தி, சங்கரா, ஜிலேபி மீன் எது கிடைத்தாலும் சரி. வஞ்சிரம் வேண்டாம், காசுக்குக் கேடு.

இப்படிச் சாற்றுக்கு மேல் சேர்க்கும் மீனுக்கு சக்பாவ் என்று தனிப் பெயரே உண்டு. சுட்ட மீனும் போடுவார்கள். பல வீடுகளில் காலையில் பொரித்து மிஞ்சிய மீன்தான் மதியம் சட்டிக்குப் போகும். பச்சை மீனைப் போட்டால் உடைந்து சாற்றில் கவிச்சி ஏறும். பொரித்தது முழுசாக நிற்கும், தன் எண்ணெயைக் கொஞ்சம் சாற்றில் விடும். சாற்றின் மேல் மிதக்கும் அந்த நாலு பொட்டு எண்ணெய்தான் இந்தச் சமையலின் மொத்தக் கொழுப்பு.

ஒட்டுவதற்குக் காரணம் ஈரம், அவசரம், இரண்டே. மீனைக் கழுவிய கையோடு போடாதீர்கள். இரு பக்கமும் இரண்டு கீறல் போட்டு, உப்புத் தடவிக் கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும். அதைத் துணியால் ஒற்றி எடுங்கள், வயிற்றுக்குள்ளேயும். எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் மீனின் வாலைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள். அப்புறம் நாலைந்து நிமிடம் கை வைக்காதீர்கள். அடிப்பக்கம் முறுகினால் சட்டியே மீனை விட்டுவிடும். மசாலா கிடையாது, மாவு கிடையாது.

சேலம் வாசகி: என் மகன் தாவோவில் மருத்துவம் படிக்கிறான். நீங்கள் போட்ட படத்தைக் காட்டினேன். "அம்மா, இங்கே இப்படி இல்லை, எலுமிச்சைப்புல் போடுகிறார்கள், பாகோங்கே இல்லை" என்கிறான். யார் சொல்வது சரி?

தம்பி சொல்வதும் சரிதான். தாவோ தெற்கே மிந்தனாவ் தீவில் இருக்கிறது, அங்கே பிசாயா மக்களின் வழக்கம். அவன் சாப்பிடுவது உதான் பிசாயா, லாவுய் என்றும் சொல்வார்கள். எலுமிச்சைப்புல்லை முடிச்சாகக் கட்டிக் கொதிக்கவிட்டு, பூசணி, வெண்டை, கொடிப்பசலை, முருங்கைக்கீரை போட்டு வெறும் உப்பில் இறக்குவது. பொரித்த மீன் பக்கத்தில் இருக்கும், அல்லது உள்ளே போகும். விடுதியில் ஒரே ஒரு மின்சார அடுப்பு வைத்திருக்கும் பையனுக்கு அது இன்னும் வசதி.

முருங்கைக்குத் தகலோக் மொழியில் மலுங்காய் என்று பெயர், இலோகானோவில் மருங்காய். முதல் தடவை சந்தையில் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். தாவரவியலில் வைத்திருக்கும் மொரிங்கா என்ற பெயரே நம் முருங்கையிலிருந்து போனதுதான். பிலிப்பைன்ஸில் பெரும்பாலும் இலையை மட்டும்தான் தின்பார்கள். காயையும் விரும்பிச் சாப்பிடுவது இலோகானோக்காரர்களின் வழக்கம். அவர்களோடு எனக்கு ஒட்டிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோவை வாசகி: பாகற்காய் போட்டால் சாறே கசந்துவிடுகிறதே?

போட்டபின் கிளறாதீர்கள். கிளறினால் கசப்பு ஊரெல்லாம் பரவும் என்று மனாங் கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சையும் சுரண்டிவிடுங்கள். கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். பூசணியின் இனிப்புக்கு அது வேண்டும்.

ஈரோடு வாசகர்: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போடலாமா? நாங்கள் சைவம், மீன் இல்லாமல் செய்ய முடியுமா?

கேரட், உருளை வேண்டாம், மருத்துவமனை சூப் ஆகிவிடும். சுரை, பீர்க்கங்காய், அவரை, சர்க்கரைவள்ளிக் கொழுந்து எல்லாம் போடலாம். கொல்லையில் காய்த்தது எதுவோ அதுதான் சட்டிக்குள் போகும், நாலைந்து வகை போதும். மீனும் புக்குவோங்கும் இல்லாவிட்டால் அதைத் தினெங்தெங் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லூசோனின் தெற்கே பத்தாங்காஸ் மாகாணத்துப் பக்கம் புலங்லாங் என்று ஒன்று உண்டு. அரிசி களைந்த தண்ணீரில் இதே காய்களை உப்பு போட்டு வேகவைப்பது. இரண்டாவது களைநீரை எடுங்கள், சாறு லேசாகத் தடித்து வரும்.

வேலூர் வாசகி: வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கிறார். கொடுக்கலாமா?

பாகோங், கருவாடு இரண்டுமே உப்பு மூட்டை. ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தி, இஞ்சியையும் தக்காளியையும் கூட்டுங்கள். அவருக்குக் காயை அள்ளி வைத்துச் சாற்றைக் குறையுங்கள். மற்றதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், நான் சமையல்காரி.

சிங்கப்பூர் வாசகி: லக்கி பிளாசாவில் பாட்டில் வாங்கி நேற்றே செய்துவிட்டேன்! சாறு மீந்துவிட்டது. இன்று சூடு பண்ணினால் கீரை கறுத்து, மீன் கரைந்து போயிருக்கிறது.

சூடு பண்ணுமுன் மீனை வெளியே எடுத்திருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போது முள்ளைப் பொறுக்கிவிட்டு, மீனைச் சாற்றிலேயே உதிர்த்துவிடுங்கள். ஒரு கொதி வந்ததும் புதுக் கீரை ஒரு பிடி. மனாங் வீட்டில் மறுநாள் காலை இதைத்தான் பழைய சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். மீன் தலை மிச்சம் இருந்தால் அது யாருக்கு என்று சண்டை வரும்.

அடுத்த தடவைக்கு, மீனைத் தனியாக எடுத்து வைத்துப் பரிமாறும்போது போடுங்கள். பாட்டிலை மூடும்போது வாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் உப்புப் பூத்து மறுபடி திறக்கவே வராது.