எஸ்ஏடி கணிதம்: முதல் மாட்யூலில் நேரம் போதவில்லை

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில், கணிதத்தின் இரண்டு மாட்யூல்களில் (பகுதிகளில்) முதலாவதில் கடைசி 5 கேள்விகளைத் தொடவே முடியவில்லை என்கிறீர்கள். அங்கே விடுவதுதான் பெரிய இழப்பு. இரண்டாவது மாட்யூல் எளிதா, கடினமா என்பதை முதலாவதுதான் தீர்மானிக்கிறது; எளிதானது வந்துவிட்டால் உச்ச மதிப்பெண் கைக்கு எட்டாது.

35 நிமிடம், 22 கேள்வி: ஒன்றுக்குச் சுமார் 95 வினாடி. தொடக்கக் கேள்விகள் பெரும்பாலும் சுலபம், முதல் பத்தை 11 நிமிடத்தில் முடிக்கப் பழகுங்கள். எதிலாவது 2 நிமிடம் தாண்டினால் ஊகித்து ஒரு விடையைக் குறித்து, மறுபார்வைக் குறியிட்டு நகருங்கள். தவறுக்கு மதிப்பெண் குறையாது.

இரண்டு சமன்பாடுகள் வந்தால் கையால் தீர்க்காதீர்கள். தேர்வுச் செயலியிலேயே உள்ள டெஸ்மாஸ் என்ற வரைபடக் கணிப்பானில் இரண்டையும் உள்ளிட்டால் கோடுகள் வெட்டும் புள்ளி தெரியும். கேட்டது எக்ஸா, எக்ஸ் கூட்டல் ஒய்யா என்று மட்டும் மறுபடி படியுங்கள். அவசரத்தில் பலர் சறுக்குவது அங்கேதான்.