கேள்வி பதில்: குவாண்டம் படிக்கலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். பிஎச்.டி.க்குக் குவாண்டம் தகவலியல் எடுக்கலாமா என்று யோசனை. "அது கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம், உனக்கெதுக்கு?" என்கிறார் எங்கள் ஆசிரியர். "இப்போ அதுக்குத்தான் மவுசு" என்கிறான் அண்ணன். எனக்குக் கோடிங் சுமார்தான். லேப் பிடிக்கும். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: குவாண்டம் தகவலியல் என்பது அணு, ஒளித்துகள் போன்றவற்றின் விசித்திர இயல்புகளை வைத்துத் தகவலைக் கையாளும் துறை. இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். முதலில் ஒரு கணக்குப் போடுங்கள்.

க்யூபிட் என்றால் 0, 1 இரண்டும் கலந்து இருக்கக்கூடிய குவாண்டம் பிட். இரண்டு க்யூபிட்டுகளில் 00, 11 இரண்டும் சம அளவில் சூப்பர்பொசிஷனில் (ஒன்றோடொன்று கலந்து) இருக்கும் பெல் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டென்சிட்டி மேட்ரிக்ஸ் (நிலையை விவரிக்கும் எண் கட்டம்) நாலுக்கு நாலு: நான்கு மூலையிலும் அரை, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். அதை இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டமாகப் பிரியுங்கள். கட்டங்களை இடம் மாற்றாமல், ஒவ்வொரு கட்டத்தின் உள்ளே மட்டும் டிரான்ஸ்போஸ் செய்யுங்கள், அதாவது வரிசையை நிரலாக மாற்றுங்கள். வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் இருந்த அரைகள் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இனி ஐகன் மதிப்புகளை (மேட்ரிக்ஸின் அடிப்படை எண்களை) பாருங்கள். மூன்று ½, ஒன்று −½. நிகழ்தகவாக இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ்! இரண்டு க்யூபிட்டுகளும் என்டாங்கிள் ஆகியிருக்கின்றன, அதாவது தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி.

இயற்பியலாளர் ஆஷர் பெரஸ் 1996இல் சொன்ன சோதனை இது. இரண்டு க்யூபிட் வரை இது தப்பவே தப்பாது என்று அதே ஆண்டில் நிரூபித்தவர்கள் போலந்தின் ஹோரோடெக்கி குடும்பத்தார், அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். (எப்படிப்பட்ட சாப்பாட்டு மேசைப் பேச்சாக இருந்திருக்கும்!) அமைப்பு பெரிதானால் இந்தச் சோதனைக்கு டிமிக்கி கொடுக்கும் நிலைகளும் உண்டு. 0, 1 என்று இல்லாமல் எந்த மதிப்பும் எடுக்கக்கூடிய, ஒளிக்கற்றை போன்ற தொடர்மாறி அமைப்புகளுக்கு இதை 2000இல் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன்.

விடை வந்ததும் நோட்டை மூடத் தோன்றினால் தியரி உங்களுக்கு இல்லை. மைனஸ் ஏன் வந்தது, மூன்று க்யூபிட் என்றால் என்ன ஆகும் என்று மண்டையைக் குடைந்தால் தாராளமாக வரலாம். இங்கே லீனியர் ஆல்ஜீப்ராதான் சோறு. கோடிங் சுமாராக இருந்தால் பரவாயில்லை, தேவைக்குக் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் ஆசிரியர் சொன்னது பாதி உண்மை. ரகசியச் செய்திக்கான சாவியைக் குவாண்டம் முறையில் பரிமாறும் முதல் நெறிமுறையான பிபி84, 1984 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த ஒரு கம்ப்யூட்டர் மாநாட்டில்தான் வெளிவந்தது. ஆனால் எழுதிய இருவரில் சார்லஸ் பென்னட் இயற்பியல் பக்கம், ஜில் ப்ராசார்ட் கணினி பக்கம். அன்றிலிருந்து இந்தத் துறைக்கு இரண்டு தாய்வீடு.

அண்ணன் சொல்லும் மவுசுக்கு வருவோம். மத்திய அரசின் ஆய்வுத் திட்டமான தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். காலம் 2030-31 வரை. பிஎச்.டி. என்றால் ஐந்தாறு வருடம். நீங்கள் தீசிஸ் கொடுக்கும்போது அந்தத் திட்டமே முடிந்திருக்கும். அதை நம்பி வராதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் எழுதிய "லேப் பிடிக்கும்". தியரிக்குக் கூட்டம் அதிகம். லேசரையும் கண்ணாடியையும் பொறுமையாக நேர்செய்ய, முழுப்பூஜ்யத்துக்கு (குளிரின் கடைசி எல்லைக்கு) பக்கத்தில் மில்லிகெல்வின் குளிரில் ஒரு சிப்பை வைத்து அளக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஃபோட்டான், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் (டிஐஎஃப்ஆர்) சூப்பர்கண்டக்டிங் (மின்தடை இல்லாத) க்யூபிட் என்று நல்ல ஆய்வகங்கள் உண்டு. இந்தக் கோடையில் ஒரு ப்ராஜெக்டுக்கு எழுதிக் கேளுங்கள். தியரிதான் என்று முடிவானால் தரமணி நிறுவனமும் பிரயாக்ராஜின் ஹரிஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனமும். இரண்டுமே ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பவை.

கைடைத் தேர்ந்தெடுக்குமுன் ஆர்க்கைவில் (ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கும் இணையதளம்) அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் புரட்டுங்கள். மாணவர் பெயர் முதலில் வருகிறதா, அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் அவர்களில் ஒருவரிடமாவது போனில் பேசிவிடுங்கள்.

கேள்வி: மகன் பி.இ. மூன்றாம் ஆண்டு. ஆறே வாரத்தில் "குவாண்டம் நிபுணர்" சான்றிதழ் தருவதாக ஒரு பயிற்சி மையம் ஐம்பதாயிரம் கேட்கிறது. கட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கட்டவேண்டாம் சார். என்பிடெல் என்ற இணையப் பாடத்தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் குவாண்டம் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். குவாண்டம் ப்ரோக்ராம் எழுதும் மென்பொருளான ஐபிஎம்மின் கிஸ்கிட்டும் இலவசம்தான். நிஜ குவாண்டம் இயந்திரத்திலேயே சிறிய ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்கவும் விடுகிறார்கள். அதற்குப் பிறகும் பையனுக்கு ஆர்வம் இருந்தால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதட்டும். பெங்களூரு ஐஐஎஸ்சியில் குவாண்டம் டெக்னாலஜிக்கென்றே எம்.டெக். இருக்கிறது.